தவளைக்கு ஊற்றிய அரை லிட்டர்

டெஸ்லி எய்ட்கென் தன் ஐம்பத்துநாலாவது வயதில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியபோது ஆஸ்திரேலியாவின் மக்காய் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மொரன்பா பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு மாடி உயர லாரியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவள் அவள். ஏழு நாள் சுரங்க முகாமில், ஏழு நாள் வீட்டில். வேலை நாட்களில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டியில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் வேகம் வேண்டியிருக்காதா? இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, மரத்தவளையின் பளபளக்கும் பச்சை. தங்கை லொரெல்லின் கணவன் நெவ் முதல் நாளே அதற்குத் "தவளை" என்று பெயர் வைத்துவிட்டான். அதுவே நிலைத்துவிட்டது.

மூன்று வருட வாரண்டி. முதல் வருட சர்வீஸை டவுன்ஸ்வில் டீலரிடமே செய்துகொண்டாள். அங்கே போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். ஆயில் மாற்றுவதற்காக விடுமுறையில் ஒரு நாளை நெடுஞ்சாலைக்குக் கொடுக்க இரண்டாம் வருடம் அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளூரில் சாந்தோ தொரிசி இருக்கும்போது எதற்கு? மூன்று தலைமுறையாகக் கரும்பு போட்ட குடும்பத்தில் பிறந்து, கரும்பை விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்தவன் சாந்தோ. சர்வீஸை வெளியே செய்தால் வாரண்டி போய்விடாது, ஆனால் கம்பெனி சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். இது அவளுக்குத் தெரியும். கையேட்டை இரண்டு முறை படித்திருந்தாள்.

சாந்தோவின் பட்டறையில் அன்று நெவ்வும் இருந்தான். பின்னால் சாமான் தட்டு வைத்த அவனுடைய பழைய யூட் வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை முடியும்வரை அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"இருபது நம்பர் ஆயிலா? அது ஆயில் இல்ல தாயே, தண்ணி. ஐரோப்பாக்காரன் பனியில ஓட்டுறதுக்கு எழுதி வச்சதை இங்க வந்து ஊத்துறியே. ஜனவரி மாசம் நம்ம ரோட்டுல முட்டை பொரிக்கலாம். கெட்டியா ஐம்பது நம்பர் ஊத்து. என் யூட் முப்பது வருஷமா அதைத்தான் குடிக்குது."

"உன் யூட் குடிக்கிறது மட்டுமா? ஒழுகவும் செய்யுது," என்றாள் டெஸ்லி.

சாந்தோ சிரித்தபடி அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்து மேஜையில் வைத்தான். "இதப் பாரு டெஸ். இருபது நம்பர்தான். பின்னாடி உன் கார் கம்பெனியோட தர எண்ணையும் போட்டிருக்கான். ஊத்திட்டுப் போயிட்டே இரு."

டெஸ்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கேனைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். தர எண் சரிதான். அதற்கு மேலே எறும்பு ஊர்வது மாதிரி ஒரு வரி. அதைச் சத்தமாகப் படித்தாள்.

"'இந்தத் தரம் தேவைப்படும் வாகனங்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறோம்.' சாந்தோ, யார் பரிந்துரைக்கிறாங்க?"

"ஆயில் கம்பெனி."

"நானும் நம்ம நெவ்வைப் பிரதமருக்குப் பரிந்துரைக்கலாம். நாடு ஒத்துக்கணுமே! கார் செஞ்சவன் 'சரி, இது ஓகே'ன்னு கையெழுத்துப் போட்டானான்னுதான் நான் பார்க்கணும். 'அங்கீகரிக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கணும். இதுல இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான் டெஸ்."

"ஒண்ணா இருந்தா அந்த வார்த்தையைப் போட அவனுக்கு என்ன கஷ்டம்?"

டெஸ்லி அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். கார் கம்பெனியின் இணையதளத்தில், அந்த எண்ணுக்கு அங்கீகாரம் வாங்கிய ஆயில்களின் பட்டியல் இருந்தது. ஒரே கம்பெனி ஒரே நிறக் கேனில் இரண்டு ஆயில் விற்றது. பெயரில் கடைசி ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்று பட்டியலில் இருந்தது, இன்னொன்று இல்லை. இரண்டுக்கும் கனம் ஒன்றே. உள்ளே கலக்கும் மருந்துதான் வேறு. டர்போவுக்கும் புகைக்குழாய் வடிகட்டிக்கும் ஒத்துப்போவது அதில்தான் இருக்கிறது. அவள் ஆயில் கம்பெனிக்கே போன் போட்டு, அந்த எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, பிரிஸ்பேனிலிருந்து ஏழு லிட்டர் வரவழைக்கச் சொன்னாள்.

"அஞ்சு நாள் ஆகும்," என்றான் சாந்தோ.

"ஆகட்டும்."

"ஒரு ஆயிலுக்கா இவ்வளவு!" என்று நெவ் தலையில் அடித்துக்கொண்டான். "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்குறப்ப இவ்வளவு விசாரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"உன் விஷயத்துல லொரெல்லும் விசாரிக்கல. என்ன செய்ய?"

ஐந்து நாள் கழித்து ஆயில் வந்தது. சாந்தோ ஆறு லிட்டர் ஊற்றி, டிப்ஸ்டிக் கம்பியில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினான். ரசீதில் ஆயிலின் முழுப் பெயரையும் தர எண்ணையும் எழுத வைத்தாள் டெஸ்லி. கேனின் அடியிலிருந்த எண்ணைக்கூடப் படம் பிடித்துக்கொண்டாள். மறுநாள் சுரங்கத்துக்குக் கிளம்பினாள். வழக்கம்போல நெவ்விடம் வீட்டுச் சாவி. செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், நடுவில் ஒரு நாள் பேட்டரிக்காகத் தவளையைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேலை.

ஏழு நாள் கழித்து வந்தவள், புதன்கிழமை காலை யுங்கெல்லா மலைப்பாதைக்குப் போகலாம் என்று சமதளமான கொட்டகையில் நின்ற காரில் ஏறி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள். இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கின மாதிரி, மூன்று நான்கு வினாடி. பிறகு நின்றது. கூடவே முன்பலகையில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அவள் உடனே அணைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் இன்ஜின் மேலேயே உட்கார்ந்தவள். எந்தச் சத்தத்துக்கு இரண்டாம் தடவை காது கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாள். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. மறுபடி துடைத்து விட்டுப் பார்த்தாள். அப்படியேதான். விரலில் தொட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள். பெட்ரோல் வாசனை இல்லை; கசிந்து கலந்ததல்ல, யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

நெவ்வுக்குப் போன் போட்டாள்.

"என் காருக்கு ஆயில் ஊத்துனியா?"

"பாத்துட்டியா?" நெவ்வின் குரலில் பெருமை வழிந்தது. "ஓடவிட்டப்ப சும்மா கம்பியை இழுத்துப் பாத்தேன். கோட்டுக்கு எவ்வளவோ கீழ இருந்துச்சு டெஸ்! அந்த சாந்தோ உன்னை ஏமாத்திட்டான். நான்தான் அரை லிட்டர் போட்டு வச்சேன். ஐம்பது நம்பர். நன்றியெல்லாம் வேணாம், ஒரு பீர் வாங்கிக் குடு."

"எங்க நிறுத்தி வச்சுப் பாத்த?"

"வெளிய எடுத்து, உன் வாசல்லதான்."

"என் வாசல் சரிவு நெவ். அங்க வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்கும். ஆயில் எல்லாம் பின்னால போயிருக்கும். அதுவும் இன்ஜினை அணைச்ச உடனேயா பாத்த?"

"காருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றான் நெவ், குரல் இறங்கி.

மதியத்துக்குள் எல்லோரும் டெஸ்லி வீட்டுச் சமையலறையில் கூடிவிட்டார்கள். நெவ்வுக்கும் சேர்த்து லொரெல் பேசினாள்.

"ஏன் டெஸ், இதுல யோசிக்க என்ன இருக்கு? சாந்தோ அந்த ஆயிலை இறக்கிட்டுப் புது ஆயில் ஊத்தட்டும். அப்புறம் டீலர்கிட்ட அனுப்பு. யாருக்குத் தெரியப் போகுது?"

சாந்தோ தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, "ஒரு மணி நேர வேலைதான்," என்றான். "என் பேரும் அதுல இருக்கு டெஸ். அவனுங்க முதல்ல கை காட்டுறது என் பட்டறையைத்தான்."

டெஸ்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் இருந்தது, நெவ் மேல், அவனுடைய ஐம்பது நம்பர் மேல், சரிவான வாசல் மேல். ஆனால் குழப்பம் இல்லை.

"ஆயிலை இறக்கினா, என்கிட்ட இருக்கிற ஒரே சாட்சியையும் நானே சாக்கடையில ஊத்தின மாதிரி. சத்தம் எதனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ஆறு லிட்டர்ல அரை லிட்டர் கனமான ஆயில் கலந்தா, ஒரு வாரத்துல இன்ஜின் இப்படி ஆணி குலுக்காது. நான் பாத்த இன்ஜின் எதுவும் அப்படிச் செத்ததில்ல. வேற ஏதோ உடைஞ்சிருக்கு. அது என்னன்னு நானும் பாக்கணும், அவங்களும் பாக்கணும். நெவ் ஊத்தினதையும் சொல்லத்தான் போறேன்."

"சொன்னா அந்த நிமிஷமே வாரண்டி கிடையாதும்பான்," என்றாள் லொரெல்.

"சொல்லிப் பாக்கட்டும்."

சுரங்கத்தில் ஒவ்வொரு லாரிக்கும் இருநூற்றைம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலை உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், நமக்கு இரத்தம் எடுப்பது மாதிரி. அதற்கான கைப்பம்பும் சின்னப் பாட்டில்களும் சாந்தோவிடமும் இருந்தன. டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை இறக்கி இரண்டு பாட்டில் நிரப்பினாள். ஒன்றை பிரிஸ்பேன் சோதனைக் கூடத்துக்கு அன்றே அனுப்பினாள். இன்னொன்றில் தேதி எழுதி, அவளும் சாந்தோவும் கையெழுத்துப் போட்டு, ஒட்டி மூடினார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் இழுவை லாரி வந்து தவளையை முதுகில் ஏற்றிக்கொண்டது. டெஸ்லி ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். போவன் ஊர் தாண்டும்போது சோதனை முடிவு போனுக்கு வந்தது. ஆயிலின் கனம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் எல்லைக்குள்தான். இரும்பு, செம்பு, ஈயம் எல்லாம் மிகக் குறைவு. இன்ஜினுக்குள் எங்கும் உலோகம் உலோகத்தைத் தின்னவில்லை. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓட்டுநரிடம் கறிப்பஃப் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டாள்.

டவுன்ஸ்வில் டீலரிடம் சர்வீஸ் மேலாளர் கேம்பெல் ரட்ஜ். சலவை மடிப்புக் குலையாத சட்டை, கெட்ட வார்த்தையைக்கூட மெதுவாகச் சொல்பவன் போன்ற முகம். டெஸ்லி எதையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னாள்: எங்கே சர்வீஸ், என்ன ஆயில், யார் அரை லிட்டர் ஊற்றியது, எப்போது. ரசீது, படம், சோதனை முடிவு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். ரட்ஜ் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டான்.

"நேர்மையா சொன்னதுக்கு நன்றி, டெஸ்லி. ஆனா இதோட வாரண்டி முடிஞ்சுது. தப்பான ஆயில் உள்ள போயிருக்கு. இன்ஜினுக்குள்ள ஓடுற டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யும். கனமான ஆயில் அங்க போய்ச் சேர லேட்டாகும். அதான் சத்தம்."

"இருக்கலாம். திறந்து பாத்தீங்களா?"

"திறக்க வேண்டிய அவசியம் இல்ல."

"எனக்கு அவசியம் இருக்கு. தப்பான ஆயில் உள்ள போச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அதுதான் உடைச்சுதுன்னு நீங்க காட்டணும். சட்டமும் அதைத்தான் சொல்லுது, உங்களுக்கே தெரியும். இப்ப என் முன்னாடி இன்ஜினோட முன்பக்க மூடியைக் கழட்டுங்க. ஆயில்தான் காரணம்னா திறந்த கூலி, மாத்துற கூலி எல்லாம் என்னோடது, மறுபேச்சுப் பேச மாட்டேன். பார்ட்ல குறைன்னா எல்லாம் உங்களோடது. எழுதிக் கையெழுத்துப் போடலாமா?"

ரட்ஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். இப்படிப் பேரம் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கத்துவார்கள். இவள் மளிகைக் கடையில் வெங்காயம் கேட்பது போலக் கேட்டாள். அவன் மேலே யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான்.

மெக்கானிக் பெயர் இலாய்சா. டோங்கா தீவுக்காரன், கதவு அகலத் தோள். மூடியைக் கழற்ற மூன்று மணி நேரம் ஆகும் என்றான். டெஸ்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், வாசலில் பழக்கமான ஒரு புகை. நெவ்வின் யூட். அவன் இறங்கி, கையில் ஐம்பது நம்பர் ஆயில் கேனோடு, நேராக ரட்ஜிடம் போனான்.

"நீங்கதானே மேலாளர்? இந்தாங்க, இதுதான் அந்த ஆயில். ஊத்தினது நான். அவ ஊத்தல, சாந்தோ ஊத்தல. அவ அஞ்சு நாள் காத்திருந்து சரியான ஆயிலை வரவழைச்சா. நான் பக்கத்துலயே நின்னு கிண்டல் பண்ணினேன். எழுதிக்கங்க. நெவில் ஹாரப், இங்கிலீஷ்ல ரெண்டு 'ஆர்' இல்ல, ஒண்ணுதான்."

"நெவ், நாலரை மணி நேரம் ஓட்டிட்டு இதைச் சொல்லவா வந்த?" என்றாள் டெஸ்லி.

"வீட்ல இருக்க முடியல. லொரெல் என்கூடப் பேசல. நாய்கூட ஒரு மாதிரிப் பாக்குது."

டெஸ்லிக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நாளாக உள்ளே கட்டியாக இருந்த கோபம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. இன்னொரு ஸ்டூலைக் காலால் தள்ளினாள். "உக்காரு. எதையும் தொடாத."

மூன்று மணிக்கு இலாய்சா டென்ஷனரை வெளியே எடுத்துத் துணியில் துடைத்தான். கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்ன உருளை. அதன் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடி, நுனியில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. அவன் விளக்கை அருகில் கொண்டுவந்தான். எல்லோரும் குனிந்தார்கள்.

"விரிசல் எப்படி இருக்கு பாருங்க," என்றாள் டெஸ்லி. "நுனியில உடைஞ்ச இடம் பளிச்னு இருக்கு, அது புதுசு. மீதி முக்காவாசி கறுத்துப் போயிருக்கு. ஆயில் ஊறி ஊறிக் கறுத்தது. ஒரு வாரத்துல அப்படி ஆகாது. சுரங்கத்துல உடைஞ்ச போல்ட்டை எடுத்தா நாங்க முதல்ல பாக்கிறது இதைத்தான்."

ரட்ஜ், "அப்படி உறுதியா சொல்ல முடியாது," என்று ஆரம்பித்தான்.

இலாய்சா தலையை நிமிர்த்தினான். அவசரமே இல்லாத குரலில் சொன்னான்: "அவங்க சொல்றது சரி, கேம்பெல். இது வார்ப்புலயே வந்த விரிசல். உள்ள காத்துக் குமிழி இருக்கு பாருங்க, ஊசிமுனை அளவுக்கு. எந்த ஆயில் ஊத்தியிருந்தாலும் இது ஒரு நாள் உடைஞ்சிருக்கும். செயின் சுத்தமா இருக்கு, பல்சக்கரமெல்லாம் சுத்தமா இருக்கு. ஆயில் வராத இன்ஜின் இப்படி இருக்காது."

ரட்ஜ் அந்த உருளையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. நாளைக்குப் பத்துப் பேர் பொய் சொல்லக் கேட்டு, எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருப்பவன். கடைசியில், "படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பறேன்," என்றான். சற்று நின்று, "நீங்க அந்த ஆயிலை இறக்கிட்டு வந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். சாந்தோங்கிறவர் என்ன ஊத்தினாரோன்னுதான் நினைச்சிருப்பேன். அப்புறம் மூடியைத் திறந்திருக்கவே மாட்டோம்," என்றான்.

அன்று டெஸ்லி நெவ்வின் யூட்டில் ஊர் திரும்பினாள். புதன்கிழமை சுரங்கத்துக்குப் போனாள். வெள்ளிக்கிழமை முகாம் உணவறையில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரட்ஜ் அழைத்தான். கம்பெனி ஒத்துக்கொண்டது. டென்ஷனர், செயின், கூலி, இழுவை லாரி வாடகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆயிலும் வடிகட்டியும் மட்டும் அவள் பொறுப்பு, ஏனென்றால் கலந்த ஆயிலை இறக்கித்தான் ஆக வேண்டும்.

"அது நியாயம்," என்றாள் டெஸ்லி. "என்ன ஆயில் ஊத்தப் போறீங்க?"

ரட்ஜ் பெயரைச் சொன்னான்.

"கடைசி எழுத்து என்ன?"

காகிதம் புரளும் சத்தம். "இருங்க, பாத்துச் சொல்றேன்," என்றான். கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தபோது, சரியான எழுத்தைச் சொன்னான். கேட்டது நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னான்.

அடுத்த விடுமுறையில் டெஸ்லி ரயிலில் டவுன்ஸ்வில் போனாள். நெவ்வும் கூட வருவேன் என்று அடம்பிடித்து வந்தான். ஆயில் செலவை அவன்தான் கொடுத்தான். அதில் அவள் தலையிடவில்லை. இலாய்சா சாவியைக் கொடுத்தான். பட்டனை அழுத்தியதும் இன்ஜின் ஒரே மூச்சில் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடங்கி நின்றது. நெவ் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் மடங்கி உட்கார்ந்தான்.

பர்டெகின் ஆற்றுப் பாலம் தாண்டியதும் கரும்பு ரயில் குறுக்கே போக, கார்கள் வரிசையாக நின்றன. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி ஆடிப் போய்க்கொண்டே இருந்தன.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் நெவ். "இவ்வளவு சூட்டுல அந்தத் தண்ணி ஆயில் எப்படித்தான் தாங்குது?"

டெஸ்லி சொன்னாள். உள்ளே உலோகத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு சின்னது, அதில் கனமான ஆயில் ஏன் நுழைய மறுக்கும், பழைய இன்ஜினில் அந்த இடைவெளி ஏன் பெரியது, அவன் யூட்டுக்கு ஐம்பது நம்பர் ஏன் சரிதான் என்று பொறுமையாகச் சொன்னாள். யூட்டுக்கு அது சரிதான் என்ற இடத்தில் நெவ்வின் முகம் மலர்ந்தது. மீதி எதுவும் அவன் காதில் ஏறினதாகத் தெரியவில்லை.

கடைசிப் பெட்டியும் போனது. விளக்கு மாறியது.

"டெஸ், போவன் வரைக்கும் நான் ஓட்டட்டுமா?"

"முடியாது," என்று சொல்லிவிட்டு அவள் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.